ஸ்ரீமதி கே. பி. ஜானகி அம்மாள்

மதுரை நகரத்துக்குத் தெற்கே, அவனியாபுரம் செல்லும் சாலையில் வில்லாபுரம் என்னும் பகுதி இருக்கிறது. தறி நெய்வோரும் அன்றாடக் கூலிக்கு உழைப்போரும் மிகுந்து வாழும் இடம். 1996 ஆம் ஆண்டு நடந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் அவ்விடத்து மக்கள், நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த லீலாவதி என்னும் அம்மையாரைத் தம் பிரதிநிதியாக மாநகராட்சி மன்றத்துக்கு அனுப்பினர். அவர் மார்க்ஸிஸ்டு கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்தவர். குடிதண்ணீர் காசுக்கு விற்கப்பட்டு வந்த தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் வர வேண்டுமென்று அவர் பாடுபட்டார். தண்ணீர் விற்றுப் பொருளீட்டிய சிலருக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் தேதி, பதவியேற்று ஒரு வருஷமும் நிரம்பாத நிலையில், வில்லாபுரத்துத் தெருவிலேயே பட்டப்பகலில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அவ்வம்மையாரின் முடிவை மதுரை மக்கள் மறக்கவில்லை. ஆனால், வறிய குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு, பணபலமும் ஆள்பலமும் படைத்தோரை எதிர்த்து நிற்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. துணிவு தனி மனிதருடைய குணந்தான். எனினும் அதற்கும் ஒரு வழிமுறை உண்டு. முன்னே ஒருவர் நடந்து காட்டிய பாதை உண்டு. மதுரையில் அப்பாதையை வெட்டியவர், லீலாவதிக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1992 ஆம் ஆண்டு மார்ச் 1 ஆம் தேதி காலஞ்சென்ற ஸ்ரீமதி கே. பி. ஜானகி அம்மாள். அவருடைய சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து இக்கால அரசியல் ஊழியர்கள் அறிய வேண்டுவது யாது என ஆராய்வதே இன்று நமது நோக்கம்.

ஜானகி அம்மாள் 1917 ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தார். செல்வக் குடும்பமன்று. தாயை இளமையிலேயே இழந்து, பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு நெடுந்தூரம் செல்லவில்லை. ஆனால் இறைவன் அவருக்கு நல்ல சாரீரத்தை அளித்திருந்தான். அக்காலத்தில் சாரீரம் படைத்த ஏழைக் குழந்தைகளுக்கு மதுரையில் ஒரு வாசல் திறந்திருந்தது. அது நாடக வாசல். சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் பாலர் சபை அமைத்து நாடகம் பயிற்றிய ஊர் அது. ஜானகியும் நாடகக் கம்பெனியொன்றில் சேர்ந்து பாட்டும் நடிப்பும் பயின்று, வெகு விரைவில் பெயர்பெற்ற நடிகையானார். கம்பெனியில் ஹார்மோனியம் வாசித்த ஸ்ரீ குருசாமியை மணந்துகொண்டார். பாட்டினால் வந்த வருமானம் பெருகிற்று. நகைகளும் பட்டாடைகளும் சேர்ந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால், அவர் பெயரை நாடக ரஸிகர்கள் சிலகாலம் சொல்லிப் பின்னர் மறந்திருப்பார்கள்.

நில்லாமற் போனதற்குக் காரணம் அக்கால நாடகமேயாகும். அன்றைய நாடக மேடை, வெறும் பொழுதுபோக்கு மேடையாக இருக்கவில்லை. இரவு முழுவதும் நடக்கும் வள்ளி நாடகத்தில், தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கட்டம் வந்ததும், வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு எழும். பாடுபவர் யாரைக் குறித்துப் பாடுகிறார் என்பது கொட்டகையில் தரையில் அமர்ந்திருக்கும் பாமரனுக்கும் விளங்கும். வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்கும் விளங்கும். 1876 ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை ஏவி, சர்க்கார் நாடகங்களைத் தடுத்தது. பாடிய நடிகர்கள் சிறை சென்றனர். அவர்களில் முதல்வர் தியாகி எஸ். எஸ். விசுவநாத தாஸ். 1940 ஆம் ஆண்டின் இறுதியில், சென்னையில் மேடையிலே முருகன் வேடத்திலேயே உயிர் நீத்தவர் அவர்.

விசுவநாத தாஸ் நாவிதர் குலத்தில் பிறந்தவர். அதன் காரணமாக, உயர்ந்த ஜாதியினர் எனத் தம்மை எண்ணிக்கொண்ட நடிகைகள் பலர் அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்தனர். தேச விடுதலைக்காகச் சிறை சென்ற பெருங்கலைஞரோடு ஒரே மேடையில் நிற்பதற்கும் ஜாதி தடையாக இருந்த வெட்கக்கேடான காலம் அது. ஜானகி அம்மாள் அத்தடையைப் பொருட்படுத்தாமல் அவரோடு நடித்தார். பின்னாளில் சமத்துவத்தைப் பற்றிப் பல மேடைகளில் அவர் பேசினார் எனினும், அதைப் பற்றிய நூல்களைப் படிப்பதற்கு முன்பே, தமது பிழைப்புக்கு நஷ்டம் நேரக்கூடிய இடத்தில் அதைச் செய்து காட்டினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1930 ஆம் ஆண்டுகளின் நடுவே அவர் காங்கிரஸில் சேர்ந்தார். பொதுக்கூட்டங்களில் பிரசங்கிகள் பேசத் தொடங்குமுன் ஜானகி அம்மாளின் பாட்டு இருக்கும். பாட்டைக் கேட்கவே கூட்டம் கூடும். கூடிய கூட்டம் பிரசங்கத்தையும் கேட்டுச் செல்லும். நாளடைவில் அவரே பிரசங்கியானார். நாடக மேடையில் மக்களைக் கவர்ந்த குரல், அரசியல் மேடையில் அவர்களைத் தட்டி எழுப்பிற்று.

அந்நாளில் காங்கிரஸுக்குள்ளேயே, 1934 இல் தோன்றிய சோஷலிஸ்டுக் கட்சி வளர்ந்து வந்தது. அதே ஆண்டில் சர்க்கார் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடை செய்துவிட்டபடியால், கம்யூனிஸ்டுகளும் அதற்குள் இருந்தே வேலை செய்தனர். ஸ்ரீ ஜீவானந்தம், ஸ்ரீ பி. ராமமூர்த்தி முதலியோர் அவ்வழியில் வந்தவர்கள். மதுரையோ ஆலைகள் நிறைந்த நகரம். ஹார்வி மில்லின் சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்கு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே இருந்தன. சுயராஜ்யம் வந்தால் தங்கள் கூலி உயருமா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்லும் கட்சி எது என்று தேடியவர்களில் ஜானகி அம்மாளும் ஒருவர். 1940 இல் அவர் கம்யூனிஸ்டுக் கட்சியின் அங்கத்தினரானார். அப்பொழுது அது தடை செய்யப்பட்ட கட்சி. அதில் சேர்வதால் சிறைவாசம் கிடைக்குமேயன்றி வேறொன்றும் கிடைக்காது என்பதை அவர் அறியாதவரல்லர்.

யுத்தம் மூண்டதும் இந்தியப் பாதுகாப்பு விதிகள் வந்தன. பிரிட்டிஷாரின் யுத்தத்துக்கு இந்தியரின் ஆளும் பொருளும் போகலாகாது என்று ஜானகி அம்மாள் பேசினார், கைது செய்யப்பட்டார். அவ்விதிகளின்படி தென்னிந்தியாவில் சிறைப்பட்ட முதற் பெண்மணி அவரே என்று சொல்வது வழக்கம். சிறை அவரை மாற்றவில்லை. வெளியே வந்ததும், தலைமறைவாக இருந்த தோழர்களுக்குச் சோறிடுவதும், கட்சிக் காரியாலயத்தைக் காப்பதும், ஊர் ஊராகச் சென்று பேசுவதுமே அவர் தொழிலாயின. இவற்றுக்குப் பணம் வேண்டுமே! நாடகத்தில் ஈட்டிய நகைகள் ஒவ்வொன்றாக விலைபோயின. பட்டுப் புடைவைகளும் போயின. கையிலிருந்த சொத்தும் போயிற்று. ஒரு காலத்தில் ஜரிகைச் சேலையில் மேடையேறியவர், நூற்சேலையில் வாழ்நாளைக் கழித்தார். மதுரை மக்கள் அவரை அம்மா என்றே அழைக்கலாயினர்.

இவ்விடத்தில், தேசிய இயக்கத்தில் பற்றுள்ள நமது வாசகர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். 1941 ஆம் ஆண்டு ஜெர்மனி ரஷ்யாவின் மீது படையெடுத்தபின், கம்யூனிஸ்டுக் கட்சி யுத்தத்தை மக்கள் யுத்தம் என்று அழைத்து, 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் சேராமல் விலகி நின்றதே, அதை எவ்வாறு மறப்பது என்பார்கள். மறக்க வேண்டியதில்லை. தேசத்தின் தலைவர்கள் அனைவரும் சிறைக்குள் இருந்த சமயத்தில் அக்கட்சி எடுத்த முடிவு, மக்களின் உணர்ச்சிக்கு முரணானது. அதன் பலனை அக்கட்சி நெடுங்காலம் அநுபவித்தது. அதுபோலவே, 1948 இல் கல்கத்தாவில் கூடிய மகாநாட்டில், பிறந்து ஆறு மாதமே ஆன சுதந்திர சர்க்காரை ஆயுதத்தால் கவிழ்க்கலாம் என்று எண்ணியதும் பெருந்தவறு. அத்தவற்றை அக்கட்சியே 1951 இல் உணர்ந்து கைவிட்டது. கட்சி செய்த பிழைகளுக்கு அதில் இருந்த ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு; ஜானகி அம்மாளுக்கும் உண்டு. தியாகம் செய்தவர் என்ற காரணத்தால் ஒருவருடைய அரசியல் முடிவுகள் அனைத்தும் சரியாகிவிடா.

ஆயினும் தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. மறு தட்டில் இருப்பதையும் நாம் பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்குச் சற்று முன்னர், ஸ்ரீ ராமமூர்த்தி, ஸ்ரீ சங்கரய்யா முதலியோர் மீது மதுரைச் சதி வழக்குத் தொடரப்பட்டது. 1947 ஆகஸ்டு 14 ஆம் தேதி, தேசம் விடுதலை பெறுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அவர்கள் விடுதலையானார்கள். சிறைக் கதவு திறந்திருந்த காலம் சிறிதே. 1948 க்குப் பின் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்டுகள் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். 1950 பிப்ரவரி 11 ஆம் தேதி சேலம் சிறைக்குள் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கைதிகள் மாண்டனர். மதுரைச் சிறையில் 1951 இல் பாலு என்பவர் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கடுங்காலத்தில் கட்சியைவிட்டு ஓடாமல் நின்றவர்களுள் ஜானகி அம்மாள் ஒருவர்.

வக்கீல் தொழிலில் பழகிய நாம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. நமது அரசியல் சாஸனம் அமலுக்கு வந்த பின், பிரஜைகளின் உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு முதன்முதலாக அளந்தது எந்த வழக்குகளில்? ஏ. கே. கோபாலன் வழக்கு 1950 இல் வந்தது. ரமேஷ் தாப்பர் வழக்கு அதே ஆண்டில் வந்தது. வி. ஜி. ராவ் வழக்கு 1952 இல் தீர்ப்பாயிற்று. மூன்றிலும் எதிர்க்கட்சிக்காரர் சென்னை சர்க்கார். மூன்றிலும் வழக்காடியவர்கள் கம்யூனிஸ்டுகளோ இடதுசாரிக் கொள்கையினரோ ஆவர். முதல் வழக்கில் அவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். மற்ற இரண்டில் பத்திரிகைச் சுதந்திரமும் சங்கம் சேரும் உரிமையும் நிலைநாட்டப்பட்டன. இன்று ஒரு பத்திரிகையாளர் அச்சமின்றி எழுதும் ஒவ்வொரு வரியிலும் அந்த வழக்குகளின் பலன் இருக்கிறது. சிறிய கட்சியொன்றின் உரிமை காக்கப்படும்போதுதான் பெரிய கட்சியைச் சேர்ந்தோரின் உரிமையும் உறுதிப்படுகிறது என்பது இதனால் விளங்கும்.

1952 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மக்கள் தம் தீர்ப்பைச் சொன்னார்கள். 375 ஸ்தானங்கள் கொண்ட சென்னைச் சட்டசபையில் கம்யூனிஸ்டுகள் 62 ஸ்தானங்களைப் பெற்றனர். மதுரை வடக்குத் தொகுதியில் ஸ்ரீ ராமமூர்த்தி சிறையிலிருந்தபடியே வெற்றி பெற்றார். 1957 இல் பாரிஸ்டர் கே. டி. கே. தங்கமணியை மதுரை பார்லிமெண்டுக்கு அனுப்பிற்று. ஆனால் ஆந்திரம் பிரிந்தபின் தமிழ்நாட்டுச் சட்டசபையில் அக்கட்சியின் எண்ணிக்கை சுருங்கியது. 1964 இல் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஜானகி அம்மாள் மார்க்ஸிஸ்டுப் பிரிவில் நின்றார். அவ்வாண்டின் இறுதியில் அப்பிரிவினர் பலர் மீண்டும் காவலில் வைக்கப்பட்டனர். அன்னிய ஆட்சியில் இருந்த அதே பெயரில், இந்தியப் பாதுகாப்பு விதிகள் சுதந்திர இந்தியாவிலும் வந்து நின்றன!

1967 ஆம் ஆண்டு, ஐம்பதாவது வயதில், ஜானகி அம்மாள் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே தேர்தலில் ஸ்ரீ சங்கரய்யா மதுரை மேற்கிலும், ஸ்ரீ ராமமூர்த்தி மதுரைப் பார்லிமெண்டுத் தொகுதியிலும் ஜெயித்தனர். நான்கு வருஷம் அங்கத்தினராக இருந்து வெளியே வந்தபோது, உள்ளே சென்றபோது இருந்த எளிய வாழ்க்கையே அவருக்கு இருந்தது. 1971 இல் மார்க்ஸிஸ்டுக் கட்சிக்கு ஓரிடமும் கிட்டவில்லை. தோல்வி கண்டு அவர் ஓய்வெடுக்கவில்லை. அவருடைய வாழ்க்கையின் மிகப் பயனுள்ள வேலை அதற்குப் பின்புதான் வந்தது என்பது நமது அபிப்பிராயம்.

பெண்கள் அரசியல் கூட்டங்களில் ஒரு மூலையில் அமர்த்தப்பட்டிருந்த காலம் அது. தேர்தல் வந்தால் ஓட்டுக்கு வேண்டியவர்கள். ஊர்வலம் வந்தால் முன்வரிசைக்கு வேண்டியவர்கள். முடிவெடுக்கும் அறையில் வேண்டாதவர்கள். கம்யூனிஸ்டுக் கட்சியும் இக்குறைக்கு முற்றிலும் விலக்கன்று. ஜானகி அம்மாள், ஸ்ரீமதி பாப்பா உமாநாத் முதலிய சகோதரிகளோடு சேர்ந்து, 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தை அமைத்தார். 1981 இல் சென்னையில் அகில இந்திய ஸ்தாபனம் தோன்றுவதற்கு இதுவும் வழிகாட்டியாயிற்று. தண்ணீர், ரேஷன் அரிசி, வரதட்சிணைக் கொடுமை, குடிகாரக் கணவனின் அடி, கூலியில் ஆணுக்கொரு கணக்கு பெண்ணுக்கொரு கணக்கு ஆகியவையே சங்கத்தின் பிரச்னைகள். பெரிய அரசியல்வாதிகள் இவற்றை அற்ப விஷயங்கள் என்பார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் குழாயடியில் நிற்பவளுக்கு அவை அற்பமல்ல. ஏழைப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து தாசில்தார் காரியாலயத்துக்குப் போகலாம், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று நியாயம் கேட்கலாம், திரும்பி வந்து தலை நிமிர்ந்து வாழலாம் என்னும் எண்ணத்தை அச்சங்கம் அவர்களுக்கு ஊட்டிற்று.

அவர் மறைந்த 1992 ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்திலேயே, நகரசபைகளில் மூன்றிலொரு பங்கு ஸ்தானத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் 74 ஆவது அரசியல் சாஸனத் திருத்தத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றிற்று. அதைக் காண அவர் இல்லை. அத்திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் நடந்த முதல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலே 1996 ஆம் ஆண்டுத் தேர்தல். அதில் வில்லாபுரத்திலிருந்து மன்றத்துக்குச் சென்றவர், ஜானகி அம்மாள் வளர்த்த அதே மாதர் சங்கத்தின் ஊழியராகிய லீலாவதி. சட்டம் நாற்காலியைத்தான் கொடுக்கும். அதில் அமர்ந்து பேசுவதற்கு வேண்டிய நெஞ்சுரம் சட்டத்திலிருந்து வருவதன்று. அதை ஜானகி அம்மாள் போன்றோர் பல ஆண்டுகள் முன்னரே விதைத்துச் சென்றிருந்தனர்.

சிறிய கட்சிகளால் தேசத்துக்கு என்ன பயன் என்று கேட்போர் இருக்கின்றனர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமாகவே தோன்றும். 1996 இல் 234 அங்கத்தினர் கொண்ட தமிழ்நாடு சட்டசபையில் மார்க்ஸிஸ்டுக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஸ்தானம். 2016 இல் இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளுக்கும் ஒன்றுகூட இல்லை. 2021 இல் கூட்டணியின் துணையால் தலைக்கு இரண்டு. அதிக ஓட்டு வாங்கியவருக்கே முழு ஸ்தானம் என்னும் நமது தேர்தல் முறையில், ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கும் ஆதரவு, பெரிய கட்சியின் தயவின்றி ஸ்தானமாக மாறுவதில்லை. தயவை நாடினால் வாய் அடைபடுகிறது. நாடாவிட்டால் சபையில் இடமில்லை. சிறிய கட்சிகளின் சங்கடம் இதுவே. தேர்தலுக்குத் தேர்தல் அணி மாறி, அதனால் மதிப்பிழந்ததும் உண்டு. இதை அக்கட்சியினர் ஆற அமர யோசிக்க வேண்டும்.

ஆனால் ஸ்தானத்தை மட்டும் எண்ணி ஒரு கட்சியை எடைபோடுவது, கதவை எண்ணி வீட்டை மதிப்பதாகும். ஜானகி அம்மாள் காலமான சில மாதங்களில், 1992 ஜூனில், தருமபுரி ஜில்லா வாச்சாத்தி கிராமத்து மலைவாழ் மக்களுக்குச் சர்க்கார் ஊழியர்களே பெருங்கொடுமை இழைத்தனர். அதை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்று விடாமல் நின்றோர் அக்கட்சியினரும் அதைச் சார்ந்த சங்கத்தினருமே. 2011 இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பாயிற்று. பத்தொன்பது வருஷம் ஒரு வழக்கைத் தூக்கிச் சுமப்பதால் ஓட்டுப் பெருகுவதில்லை. எனினும் அத்தகைய வேலையைச் செய்ய எவரேனும் இல்லாவிட்டால், ஜனநாயகம் என்பது பலசாலிகள் முறை வைத்து ஆளும் ஏற்பாடாகவே முடியும்.

இன்று அரசியலில் புகும் இளைஞர்களைப் பார்க்கிறோம். புகும்போது வெறுங்கையோடு வந்து, பத்து வருஷத்தில் கையும் பையும் நிறைந்து நிற்போர் எல்லாக் கட்சிகளிலும் இருக்கின்றனர். ஜானகி அம்மாளின் கணக்கு இதற்கு நேர் விரோதமானது. அவர் அரசியலுக்கு வரும்போது கை நிறையப் பொருளோடு வந்தார். போகும்போது ஒன்றுமின்றிப் போனார். அவருடைய கொள்கையை ஏற்பவரும் மறுப்பவரும் இந்தக் கணக்கை மட்டும் மறுக்க முடியாது. அவருடைய கட்சிக்கும் நாம் சொல்வது இதுவே. எண்ணிக்கை குறைந்ததனால் ஒரு கட்சி அழிவதில்லை. இத்தகைய மனிதர்கள் தோன்றுவது நின்றால்தான் அது அழியும். அவர்கள் இன்னும் தோன்றுகிறார்களா என்பதையே அக்கட்சியினர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுபடியும் வில்லாபுரத்துக்கு வருவோம். லீலாவதி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை அடைந்தவர்கள், 2008 ஆம் ஆண்டு அண்ணா நூற்றாண்டை ஒட்டிச் சர்க்கார் காட்டிய சலுகையில் முன்னதாகவே விடுதலை பெற்றனர். கருணை காட்டுவது ஆட்சியாளரின் அதிகாரம்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் கேட்டதற்காக மாண்ட ஒருவரின் உயிருக்கு மதிப்பு என்ன என்று அவ்வூர்ப் பெண்கள் கேட்டால், அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமையும் ஆட்சியாளருக்கு உண்டு.

மதுரைவாசிகள் ஜானகி அம்மாளைப் படத்தில் மாட்டி மாலை போடுவதோடு நிறுத்திவிடலாகாது. நகரின் ஒவ்வொரு வட்டத்திலும், குடத்தோடு நிற்கும் பெண்ணின் பக்கத்தில் போய் நிற்கும் ஊழியர் ஒருவரேனும் இருக்க வேண்டும். அவர் எக்கட்சியைச் சேர்ந்தவராயினும் சரியே. அப்படி ஒருவர் நிற்கும்போது அவரைத் தனியே விட்டுவிடாமல் ஊரார் சூழ்ந்து நிற்க வேண்டும். 1997 இல் வில்லாபுரத்துத் தெருவில் இல்லாமற் போனது அதுவே. இனியேனும் அது இருக்குமாறு செய்வது, அவ்விரு அம்மையாருக்கும் நாம் செலுத்தும் கடனாகும்.